ரோசரி டீச்சர் பேரில் ஒரு வள்ளம்

பாலக்கரைப் பக்கம் ரோசரி டீச்சர் கேட்டு இல்லை என்று சொன்ன கத்தோலிக்க வீடு கிடையாது. கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் தையல் டீச்சர். கணவர் ரயில்வேயில் இருந்து காலமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை குட்டி இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் பெரிய தகர டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனியாகப் போட்டுவைப்பது அந்த வீடுகளில் வழக்கம். அந்தப் பிடி அரிசியை வாரத்துக்கு ஒரு தரம் வாங்கிக் கோவிலில் சேர்ப்பது டீச்சரின் பொறுப்பு. அங்கிருந்து அது ஏழைகளுக்குப் போகும். டின் நிரம்ப நிரம்ப அவள் நடையில் ஒரு மிடுக்கு வரும். நல்ல காரியம் செய்கிறவர்களுக்கு வருகிற மிடுக்கு அது. அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது, சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறுபத்து நாலாம் வருஷக் கடைசியில் தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் அடைக்கலம் வந்தான். ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து கருவாடு கொண்டுவந்து திருச்சியில் விற்கிறவன். பூசைக்கு வந்து கடைசி வரிசையில் நிற்பான், அதிகம் பேச மாட்டான். அன்று டீச்சர் வீட்டு வாசலில் நின்று, புயலில் தன் தம்பி போனதைச் சொல்லி அழுதான். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தான்.

"கவர்மெண்டுல அரிசி தர்றாங்க, வேட்டி தர்றாங்க டீச்சரம்மா. வள்ளம் தர மாட்டேங்குறாங்க. வள்ளம் இல்லாம கடக்கரையில உக்காந்து நாங்க என்ன பண்றது? நாலு குடும்பத்துக்கு ஒரு வள்ளம் இருந்தாப் போதும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும்."

நீங்க ஒரு வார்த்தை சொன்னா நடக்கும். டீச்சரை விழவைக்க வேறு எதுவும் தேவையாக இருக்கவில்லை. பங்குச்சாமியாரிடம் போய் நின்றாள். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் சேரும் பிடி அரிசியை விற்று வள்ளத்துக்குக் கொடுக்க அவர் சம்மதித்தார். நாற்பது நாள் கறி மீன் எடுக்காமல் மிச்சம் பிடித்த காசையும் பெண்கள் கொடுத்தார்கள். கேட்ட வீட்டிலெல்லாம் டீச்சர் ஒரே வாக்கியத்தைச் சொன்னாள்: "நான் பொறுப்பு."

உறையூர் சுருட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே சுருட்டு சுற்றிக் கொடுக்கும் அமலராணியிடம் காசு இல்லை. புருஷன் விட்டுப்போன பெண், கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு மகள். புகையிலை நெடி அடிக்கிறது என்று கோவிலில் அவள் பக்கத்தில் பாயில் உட்காரக்கூடப் பலருக்கு மனசு வராது. அவள் டீச்சர் முன்னாலேயே காதிலிருந்த தோட்டைக் கழற்றினாள். ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்கத் துடைப்பக்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டாள்.

"மகளுக்குன்னு வெச்சிருந்தது டீச்சர். கடல்ல புருஷனைப் பறிகொடுத்தவளுங்களுக்கு ஆகட்டும்."

"உன் பேரை சாமியார்கிட்ட சொல்றேன் அமலராணி."

"வேண்டாங்க. ஒரு தோட்டுக்குப் போயி பேரு என்ன?"

வைகாசியில் வள்ளம் வாங்கியாயிற்று. பத்திரத்தை அடைக்கலம் திருச்சிக்கே கொண்டுவந்தான். "உங்க பேர்லயே இருக்கட்டும் டீச்சரம்மா," என்றான். "எங்க நாலு பேர் பேர்ல எழுதினா நாளைக்கு எங்களுக்குள்ளயே அடிச்சுக்குவோம். உங்க பேருன்னா எல்லாரும் கட்டுப்படுவானுங்க." தையல்காரியின் பேரில் பாய்மரத்தோடு ஒரு வள்ளம். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கெல்லாம் போட்டாள். பங்குச்சாமியார் பத்திரத்தின்மேல் தீர்த்தம் தெளித்தார்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்னால் அடைக்கலம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு நிற்காமல் போனான். பிரித்தால் நைலான் புடவை. வெளிர் நீலம், அதில் பொடிப் பொடியாய் வெள்ளைப் பூ. கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. பெரிய கடைவீதியில் எந்தக் கடையிலும் அந்த மாதிரித் துணி கிடையாது என்பது தையல் டீச்சருக்குத் தெரியாமல் இருக்குமா? முந்தியின் ஓரத்தில் பொன் எழுத்தில், ஜப்பானில் செய்தது என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. கருவாடு விற்கிறவன் கைக்கு ஜப்பான் புடவை எப்படி வந்தது?

கேள்வி வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அவள் செய்ததைச் சொன்னாலே போதும். கத்தரிக்கோலை எடுத்து, எழுத்து இருந்த ஓரத்தை அரை விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி எடுத்தாள். வெட்டின இடத்தை மடித்துக் கைத்தையல் போட்டாள். வெட்டின துண்டை அடுப்பில் போட்டாள், அது நாற்றமடித்துச் சுருண்டது. பாதிராப் பூசைக்கு அந்தப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு போனாள். கேட்டவர்களிடம் மெட்ராஸில் இருக்கும் தம்பி வாங்கி அனுப்பினான் என்றாள். பத்துப் பேர் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்பது வருஷமாக யாரும் அவள் கட்டின புடவையைத் தொட்டுப் பார்த்ததில்லை.

மாசி மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு. கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர் வகுளாபரணன் என்று சொன்னார். "ரோசரிங்கறது நீங்கதானேம்மா? உங்க வள்ளத்தைக் கடல்ல பிடிச்சிருக்கோம்." பிள்ளைகள் ஊசியும் நூலுமாக நிமிர்ந்து பார்த்தார்கள். டீச்சர் எழுந்து அவரை வாசலுக்கு அழைத்துப் போனாள். இங்கே வேண்டாங்க, ஆபீசுக்கும் வேண்டாங்க என்று முனகினாள். அவர் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் தன் வீட்டு அடையாளம் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பஸ் ஏறினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஐயங்கார் வீட்டு ரேழியில் உட்கார்ந்தாள். வகுளாபரணன் குரலை உயர்த்தவே இல்லை. வள்ளத்தில் தங்கக் கட்டியும் கிராம்பு மூட்டையும் நைலான் புடவைக் கட்டுகளும் இருந்தன என்றார். அடைக்கலமும் கூட இருந்த மூன்று பேரும் ஜெயிலில் இருக்கிறார்கள். ஒரு தடவைகூட அந்த வள்ளம் மீன் பிடிக்கப் போனதில்லை.

"அவ்வளவு தங்கம் வாங்குறவங்களுக்கு ஒரு வள்ளம் வாங்கக் காசில்லாமயா போச்சுங்க?" என்று கேட்டாள் ரோசரி.

"நன்னாக் கேட்டேள். தங்கத்துக்கு முதல் போட ஆள் இருக்கா. வள்ளத்துக்குப் போட மாட்டா. பிடிபட்டா முதல்ல போறது வள்ளம்தானே? அதனால அதை மட்டும் ஊரார் காசுல வாங்குவா. ஒரு இடத்துல திருவிழா வசூல், ஒரு இடத்துல புயல் நிதி. பத்திரத்துல பேரும் அப்பழுக்கு இல்லாத பேராப் பார்த்து வெப்பா. அது ஓடிச் சம்பாதிச்சதுலேர்ந்து அடுத்த வள்ளம், கரையில கண்ணை மூடிக்கறவாளுக்குப் பங்கு, ஜெயிலுக்குப் போனவன் வாயைத் திறக்காம இருக்க அவன் ஆத்துக்கு மாசப் படி. அத்தனைக்கும் விதை நெல்லு உங்க அரிசிதாம்மா."

"தம்பி செத்துட்டான்னு அழுதானே?"

"அது நிஜம். விசாரிச்சுட்டேன்."

ரோசரிக்கு அதுதான் தாங்கவில்லை. பொய்யாக அழுதிருந்தால் அவனைத் திட்டிவிட்டுப் போகலாம். அவன் நிஜமாக அழுதிருக்கிறான், அழுதுகொண்டே அவளை எடை போட்டிருக்கிறான்.

அடுத்து வகுளாபரணன் சொன்னதில்தான் எல்லாம் இருந்தது. வள்ளத்தின் சொந்தக்காரிக்குத் தெரியாமல் நடந்தது என்று விசாரணையில் ருசுவானால் வள்ளம் அவளிடமே திரும்பி வரும். விற்றுப் பெண்களின் காசைக் கொடுத்துவிடலாம். "ஆனா அவா கையாலே நீங்க எதையாவது வாங்கிண்டிருந்தா கிடையாது. உடந்தைன்னு ஆயிடும். வள்ளமும் போயிடும், உங்க மேலயும் கேஸ் வரும். வாங்கினேளா?"

ரோசரி தரையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து காப்பி வந்தது. வகுளாபரணன் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, "இப்போ சொல்ல வேண்டாம். விசாரணையில பெரிய அதிகாரி கேப்பார், அங்கே சொல்லுங்கோ," என்றார்.

காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது அவள் தனக்குத்தானே நியாயம் பேசினாள். உண்மையைச் சொன்னால் அமலராணியின் தோடு கடலோடு போகும். அத்தனை வீட்டு அரிசியும் போகும். பொய் சொன்னால் எல்லாம் திரும்பி வரும். அப்படியானால் பொய்தானே தர்மம்? இப்படிப் பேசிக்கொண்டே வந்தவளுக்குப் பாலம் முடியும் இடத்தில் ஒன்று புரிந்தது. பெண்களின் காசு பாதிதான். மீதிப் பாதி அவள் பேர். புடவைக்கு ஆசைப்பட்டவள் என்று பாலக்கரை பேசக்கூடாது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பங்குனியில் திருச்சியிலேயே விசாரணை வைத்தார்கள். காசு வசூலித்த விதத்தைச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும் என்றபோது அமலராணிதான் வந்தாள். மற்றவர்களுக்குப் புருஷன்மார்கள் அனுமதி கொடுக்கவில்லை. அவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில் வந்து நின்றாள். பிடி அரிசியைப் பற்றியும் தவசு காலத்தைப் பற்றியும் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னாள். பெரிய அதிகாரி ரோசரி பக்கம் திரும்பினார்.

"சத்தியமாச் சொல்லணும்மா. அடைக்கலத்துகிட்ட இருந்து பணமோ பொருளோ ஏதாவது வாங்கியிருக்கீங்களா?"

ரோசரிக்கு வாய் திறக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்தார்.

"இல்லைங்க ஐயா," என்றாள் அமலராணி. கழுத்தில் கிடந்த சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டாள். "டீச்சர் யார்கிட்டயும் எதையும் வாங்குறவங்க இல்ல. தினம் பாக்குறவ நான். சர்வேசுரன் மேல ஆணையாச் சொல்றேன்."

"உன்னைக் கேக்கலை. அவங்க சொல்லட்டும்."

"இல்லைங்க," என்றாள் ரோசரி.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த வகுளாபரணன் காகிதக் கட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. அவ்வளவுதான். ஆடியில் வள்ளம் திரும்பி வந்தது. நிஜமாகவே மீன் பிடிக்கிற ஒரு குடும்பம் அதை வாங்கிக்கொண்டது. பெண்களுக்குக் காசு திரும்பியது. அமலராணி அதே மாதிரித் தோட்டை வாங்கி மகள் காதில் போட்டாள். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் டீச்சரை வாயாரப் புகழ்ந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. அடக்கத்தைப் பாரேன் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். புடவை பெட்டியின் அடியில் கிடந்தது.

ஞாயிறுதோறும் அவள் நன்மை வாங்கினாள். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பத்தை அவர்கள் நன்மை என்பார்கள். பெரிய பாவம் செய்தவர்கள் அதை வாங்கக் கூடாது. பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி, மன்னிப்புப் பெற்ற பிறகுதான் வாங்கலாம். எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் கோவில் முழுக்கக் கண் போகும். ரோசரி பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. சாமியாருக்கு அவள் குரல் தெரியும். ஆனால் எழுந்து போகாமல் இருந்தால் ஊர் பேசும். ஆகவே எழுந்து போனாள், பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியில் முழங்காலிட்டாள், நாக்கை நீட்டினாள்.

ஒரு மாதம் கழித்துத்தான் பெண்கள் பேசியது அவள் காதில் விழுந்தது. அமலராணி எழுந்து போவதில்லை. விசாரணைக்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடப் போகவில்லையாம். சுருட்டுக் கம்பெனி மேஸ்திரியோடு என்னவோ என்று ஒருத்தி ஆரம்பித்தாள். மகளுக்குத் தோடு எங்கேயிருந்து வந்தது என்று அவளே கேட்டாள், கேட்டவளும் வள்ளத்துக் காசைத் திரும்ப வாங்கினவள்தான். ரோசரி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்படியா?" என்றுகூடக் கேட்டாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் பிற்பாடு வெட்கப்பட்டதுபோல வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

அன்று சாயங்காலமே அமலராணி வீட்டுக்குப் போனாள். அமலராணி புகையிலையை நனைத்து விரித்துக்கொண்டிருந்தாள்.

"நன்மை வாங்கப் போறதில்லையாமே. ஏன்?"

"ஆணையிட்டுப் பொய் சொன்னவ எப்படிங்க வாங்குறது?"

ரோசரி வாசல்படியிலேயே உட்கார்ந்தாள்.

"பாதிராப் பூசையில உங்க பின்னாடிதான் முழங்கால் போட்டிருந்தேன்," என்றாள் அமலராணி, இலையிலிருந்து கையை எடுக்காமலேயே. "முந்தியில உங்க கைத்தையல். கடையில வாங்குன புடவைக்கு ஓரம் எதுக்கு வெட்டி அடிக்கணும்? கடத்தல் புடவைன்னா வெளிநாட்டு எழுத்து இருக்குற ஓரத்தை வெட்டிடுவாங்கன்னு புகையிலை மண்டியில நாலு பேர் பேசிக் கேட்டிருக்கேன். அப்பவே தெரியும்."

"தெரிஞ்சுமா எனக்காகச் சத்தியம் பண்ணின?"

"நீங்க வாயைத் திறக்காம நின்னீங்க. பாக்கச் சகிக்கல."

"நான் சாமியார்கிட்ட போறேன். நீயும் வா. ரெண்டு பேரும் சொல்லிடுவோம். மன்னிப்புக் கிடைச்சிடும்."

"உங்களுக்குக் கிடைக்கும். போங்க," என்றாள் அமலராணி. "எனக்குக் கிடைக்காது. மன்னிப்புக்கு மனஸ்தாபம் வேணுமில்ல? செஞ்சது தப்புன்னு மனசு நோகணும். எனக்கு நோகலையே டீச்சர். நாளைக்கே மறுபடி அவரு கேட்டா மறுபடியும் அதையேதான் சொல்லுவேன். அப்படி மனசுல வெச்சுக்கிட்டு சாமியார் முன்னாடி போயி வருத்தப்படுறேன்னு சொன்னா, அது இன்னொரு பொய்."

"மேஸ்திரி அது இதுன்னு பேசுறாங்களே?"

"காதுல விழுது. என்ன பண்றது?"

மறுநாள் ரோசரி, சாமியார் உள்ளே உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரத் தொட்டியின் முன்னால் முழங்காலிட்டாள். கத்தரிக்கோலிலிருந்து "அப்படியா" வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் ஐம்பத்து மூன்று மணி செபமாலையை அபராதமாகக் கொடுத்து மன்னிப்பு மந்திரம் சொன்னார். இதை வெளியே யாரிடமும் சொல்லித் துர்மாதிரி உண்டாக்க வேண்டாம் என்று முடித்தார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது ரோசரிக்கு. கத்தரித்தவளுக்கு, கட்டிக்கொண்டவளுக்கு, வாய் மூடி நின்றவளுக்கு ஒரு செபமாலையோடு தீர்ந்தது. அவள் மானத்தைக் காப்பாற்றினவள்தான் வெளியே நிற்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நன்மை கொடுக்கும் நேரம் வந்தது. சாமியார் கிராதிக்கு வந்துவிட்டார். பெண்கள் பக்கம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். முதல் வரிசையிலிருந்து எழுந்த ரோசரி கிராதிக்குப் போகவில்லை. பின்னால் நடந்தாள். கடைசிப் பாயில் தனியாக உட்கார்ந்திருந்த அமலராணி பக்கத்தில் போய் நின்றாள்.

"போங்க டீச்சர், எல்லாரும் பாக்குறாங்க," என்று முணுமுணுத்தாள் அமலராணி. முந்தியைப் பிடித்து இழுத்தாள்.

ரோசரி பெண்கள் பக்கம் திரும்பினாள். தையல் வகுப்பில் பேசுகிற குரல்தான், அதற்கு மேல் அவளுக்கு எழும்பவில்லை.

"கிறிஸ்துமஸுக்குக் கட்டின புடவை தம்பி அனுப்பினது இல்ல. அடைக்கலம் கொடுத்தது. திருட்டுச் சரக்குன்னு தெரிஞ்சுதான் வாங்கினேன். ஆபீசுல வாங்கலைன்னு பொய் சொன்னேன். என்னைக் காப்பாத்த இவளும் சொன்னா. அதுக்காகத்தான் நன்மை வாங்காம உக்காந்திருக்கா. வேற எதுக்காகவும் இல்ல."

கோவிலில் பெண் குரல் எழும்பிக் கேட்டறியாத ஊர் அது. கிராதியில் முழங்காலிட்டிருந்தவர்கள் வாயைத் திறந்தபடியே திரும்பினார்கள். மேஸ்திரி கதையை ஆரம்பித்தவள் முக்காட்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். சாமியார் கையில் அப்பத்தோடு நின்றார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள் ரோசரி. இறங்கவில்லை. உடம்பெல்லாம் கூசியது, எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"ஏன் டீச்சர் இப்படிப் பண்ணினீங்க?" அமலராணி அழுதாள். "நான் பண்ணுனது அத்தனையும் வீணாப் போச்சே."

அவள் அழுகை நிற்கவில்லை. ஆனாலும் பாயில் கொஞ்சம் நகர்ந்து டீச்சருக்கு இடம் விட்டாள்.